வேட்டுக்கு அஞ்சாத வீரன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருப்பவனை வெளியூர் நண்பர்கள் இரண்டே கேள்விகள்தாம் கேட்பார்கள். பால்கோவா எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்பது ஒன்று. ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கித் தர முடியுமா என்பது மற்றொன்று. ஆண்டாள் கோயிலுக்கு யாரும் வழி கேட்பதில்லை. 190 அடிக்கு மேல் எழும்பி நிற்கிற கோபுரத்துக்கு வழி கேட்கிறவன், வழி சொன்னாலும் போய்ச் சேரமாட்டான்.

ராஜபாளையம் எங்களூரிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர். நினைத்த நேரத்தில் பஸ் ஏறலாம். அப்படி ஏறி இறங்கி நான் பிறருக்கு வாங்கிக் கொடுத்த குட்டிகள் நாலைந்து இருக்கும். மதுரைக்கு ஒன்று போயிற்று. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒன்று போயிற்று. "ஊருக்கெல்லாம் வாங்கித் தர்றீங்களே அப்பா, நமக்கு எப்போ?" என்று என் சின்ன மகள் கேட்டபோது, கல்யாணத் தரகன் தனக்குப் பெண் பார்க்கக் கிளம்பின மாதிரி ஒரு கூச்சத்துடன் நான் ஆனி மாதக் கடைசியில் பஸ் ஏறினேன்.

தரகனுக்குத் தெரியாத லட்சணம் உண்டா? ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். கண் தங்க நிறம். உடம்பில் ஒரு பொட்டுக் கருப்போ செவலையோ இருந்தால் மதிப்பு இல்லை. இதையெல்லாம் போன வழியெல்லாம் மகளுக்கு விளக்கிக்கொண்டே போனேன். 2005-ஆம் வருஷம் தபால் இலாகா நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது, அவற்றில் ஒன்று ராஜபாளையத்துக்குக் கிடைத்தது என்பதையும் சொன்னேன். எழுத்தாளனுக்குத் தபால்தலை கிடைக்க அவன் செத்துப்போயிருக்க வேண்டும். நாய்க்கு அந்த நிபந்தனை இல்லை.

தோட்டத்து வீடு. தென்னை மரத்தடியில் ஆறு குட்டிகள். நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. ஐந்து வெள்ளை. ஆறாவதுக்கு இடது காதும் முதுகில் ஒரு கை அகலமும் செவலை. வீட்டுக்காரர் பால் தட்டைத் தட்டியவுடன் அந்தச் செவலைக் காதுதான் எல்லோருக்கும் முன்னால் உருண்டு வந்தது. வந்து என் செருப்பை மோந்தது. மகள் அதைத் தூக்கிக்கொண்டாள்.

"அது வேணாம் பாப்பா. அதுக்கு விலையே கிடையாது. யாராச்சும் கேட்டா சும்மா குடுத்துருவேன்" என்றார் அவர்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுச் சத்தத்துக்கு மற்ற ஐந்தும் விழுந்தடித்து ஓடியபோது, ஒன்று மட்டும் மரத்தடியில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பழுக்கில்லாத வெள்ளை. சோற்றுக்குப் பறக்காத அந்தக் கம்பீரம் என்னைக் கவர்ந்துவிட்டது. "இதுதான்" என்றேன். விலை, ஒரு சிறுகதைக்கு எனக்கு வருகிற சன்மானத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை வீட்டில் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

முதல் ராத்திரியைப் பற்றி வாசகர்களில் குட்டி வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். வளர்க்காதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. தாயையும் ஐந்து கூடப்பிறந்தவர்களையும் விட்டு வந்த ஜீவன், இருட்டில் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, இத்தனூண்டு வயிற்றிலிருந்து அத்தனை சத்தத்தை எப்படி எடுக்கிறது என்பதே ஆச்சரியம். இரண்டாவது வீட்டில் விளக்கு எரிந்தது. நான்காவது வீட்டில் எரிந்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா எழுந்து வந்து, "பிள்ளை பெத்த வீட்டிலகூட இப்படி அழுகைச் சத்தம் கேட்டதில்லைப்பா" என்றாள்.

எனக்கு ஒரு யுக்தி தெரியும். எங்கோ படித்தது. பழைய டைம்பீஸ் ஒன்றைத் துணியில் சுற்றிக் குட்டியின் பக்கத்தில் வைத்தால், அந்த டிக் டிக் சத்தத்தைத் தாயின் இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுமாம். அலமாரியிலிருந்து டைம்பீஸை எடுத்துச் சாவி கொடுத்து, என் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்தேன். பயன் தெரியும் வரை இருக்கலாம் என்று பக்கத்திலேயே படுத்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். கால் மணியில் தூங்கிவிட்டது. மறுநாள் காலையில் நான் தெருவில் நாலு பேருக்கு டைம்பீஸ் வைத்தியத்தைச் சொன்னேன். ஒரு வாரம் அந்த டைம்பீஸும் என் கையும் அங்கேயே இருந்தன. பலன் டைம்பீஸுக்குத்தான் கிடைத்தது.

பெயர் வைப்பதில் இரண்டு நாள் போயிற்று. ராஜா என்று ஆரம்பித்து உடனே விட்டுவிட்டோம். ராஜபாளையத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சுவாமி பெயர் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். இங்கிலீஷ் பெயர் கூடாது என்று நான் சொன்னேன். கடைசியில், தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான நாய்கள் ஏற்கெனவே வைத்துக்கொண்டிருக்கும் பெயரே இதற்கும் வாய்த்தது: மணி.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பகல் என்றும் இரவு என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு ஒரு தரம் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூங்கி எழுந்தால் போக வேண்டும். தின்றால் போக வேண்டும். போய் நின்றால் அது வாழை மரத்தையும் ஆகாசத்தையும் பார்த்துவிட்டு, கூடத்துக்குத் திரும்பி வந்து காரியத்தை முடிக்கும். பால்கோவா ஊரில் வந்து சேர்ந்த குட்டி ஆயிற்றே என்று என் மனைவி திக்கான பசும்பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றினாள். அதன் விளைவை இரண்டு நாள் கழுவினோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர், பாலை நிறுத்திக் குழைந்த சோறும் வேகவைத்த முட்டையும் கொடுக்கச் சொன்னார். பூச்சி மருந்து கொடுத்தார். முதல் ஊசி போட்டு, மறு ஊசிக்கு மூன்று வாரம் தவணை சொன்னார். குட்டிகளைக் கொண்டுபோவதில் பார்வோவுக்கு இணை இல்லையாம். அந்தக் காய்ச்சல் 1978-க்கு முன்னால் உலகத்தில் யாரும் அறியாதது என்று அவர் சொன்னபோது, நாய்களுக்கும் காலம் கெட்டுத்தான் போயிருக்கிறது என்று தோன்றியது.

கடி பொறுக்க முடியவில்லை. எல்லாக் குட்டியும் கடிக்கும். ஆனால் இது கடித்தால், "ஆ" என்று கத்தினாலும் விடாது. மனைவியின் முந்தானைகளில் மூன்று போயின. என் தொடர்கதையின் ஓர் அத்தியாயம் முழுவதும் போயிற்று. (பத்திரிகை ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டு, திரும்ப எழுதும்போது கொஞ்சம் சுருக்கமாக எழுதச் சொன்னார்.) தூங்கும்போது அம்மா ஆசையாகத் தலையைத் தடவினாள், துள்ளி எழுந்து அவள் விரலைக் கவ்விவிட்டது.

கூப்பிட்டால் வராது. மணி, மணி என்று வீடே கூப்பிடும். அது வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் இருந்தது. ராஜபாளையம் நாய் ஒருவனுக்குத்தான் கட்டுப்படும் என்பார்கள். ஆகவே அது இன்னும் எஜமானனைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று முடிவு செய்தோம். அந்தப் பாக்கியம் யாருக்கு என்று வீட்டில் மறைமுகமாக ஒரு போட்டிகூட நடந்தது. என் மனைவி முட்டையின் மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

ஆடிப்பூரம் வந்தது. ஆண்டாளின் தேர் புறப்படுகிற தினம். ரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பக்கத்திலேயே சிவகாசி இருக்கும்போது எங்களூரில் வெடிக்குப் பஞ்சமா? காலையில் அதிர்வேட்டுப் போட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெரு நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு சாக்கடைப் பாலத்துக்கு அடியில் நுழைந்தன. எதிர்வீட்டுக்காரர் வளர்க்கும் அல்சேஷன், கட்டிலுக்கு அடியில் போய் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

மணி திண்ணையில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

தேர் பார்க்க வந்திருந்த உறவினர்களுக்கு அதைக் காட்டினேன். பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரனுடைய குதிரைப் படையின் மேல் இந்த நாய்களை ஏவினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சரித்திரப் புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்ததில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் இன்னொரு கதையைச் சந்தேகிப்பது தொழில் தர்மம் ஆகாது. பீரங்கிக்கு அஞ்சாத பரம்பரை, ஊர் வேட்டுக்கா அஞ்சும் என்று கேட்டேன். அடுத்த வேட்டு வெடித்தது. மணி ஒரு காலை நீட்டி மடக்கிக்கொண்டது. எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள்.

அன்று சாயங்காலம் உறவினர்கள் போனபின், சின்ன மகள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, திட்டக் கூடாது."

"என்ன?"

"மணிக்குக் காது கேக்காது."

அவளுக்கு ஒரு வாரமாகத் தெரியுமாம். தட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். தலைக்குப் பின்னால் விசில் ஊதிப் பார்த்திருக்கிறாள். சொன்னால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று பயந்து சொல்லவில்லை. "கால்ல தட்டினா வருது அப்பா, பாருங்க" என்று கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். திண்ணையில் படுத்திருந்த மணி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. மூன்று வாரத்தில் கூப்பிட்டு அது திரும்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் மேஜையின் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதிர்வு தெரியாமல் இருப்பதற்காக, அதன் மேல் மணியை உட்கார வைத்தார். நான் முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பின்னாலிருந்து சாவிக் கொத்தைக் குலுக்கினார். எவர்சில்வர் தட்டை ஸ்பூனால் தட்டினார். இடது காதுப் பக்கம், வலது காதுப் பக்கம். மணி என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை அளக்க மேல்நாட்டில் கருவி இருக்கிறது என்றும், இந்தக் குட்டிக்கு அது தேவைப்படாது என்றும் டாக்டர் சொன்னார்.

"அடிபட்டதா, டாக்டர்? காய்ச்சலா?"

"ஒண்ணும் இல்லை, சார். இது வெள்ளையா இருக்கே, அதுதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கரு வளரும்போது நிறம் கொடுக்கும் அணுக்கள் முதுகுத் தண்டுப் பக்கத்தில் பிறந்து, உடம்பெங்கும் பரவிப் போகின்றனவாம். அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாகிறது. மூக்குக்குப் போகவில்லை என்றால் மூக்கு ரோஜா நிறமாகிறது. அந்த அணுக்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை உண்டு. அங்கே அவை இல்லாவிட்டால், சத்தத்தை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய மயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போய்விடும். குட்டிக்குப் பிறந்து இரண்டு மூன்று வாரத்தில்தான் காதே திறக்கிறது. திறந்த கொஞ்ச நாளில் கதவு மூடிவிடுகிறது. டால்மேஷியன் நாய்களுக்கும் இந்தக் கதிதான். நீலக் கண் உடைய வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வின் 1859-இல் வெளிவந்த தம் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறாராம்.

"ஒரு காது மட்டும் கேக்காத குட்டியும் உண்டு, சார். வளர்க்கிறவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நல்ல வெள்ளைன்னு அதையே இனத்துக்கு விடுவாங்க. அதோட குட்டி இப்படி வரும்."

தூங்கும்போது தொடாதீர்கள், கையை முதலில் மூக்குக்கு முன்னால் கொண்டுபோங்கள் என்றார். கூடப்பிறந்த குட்டிகள் வலித்துக் கத்துவதைக் கேட்டுத்தான் ஒரு குட்டி கடியின் அளவைப் படிக்கிறது. இது படிக்கவில்லை என்றார். தெருவில் மட்டும் கயிறு இல்லாமல் விடவே கூடாது. பஸ்காரன் ஹாரன் அடித்தால் ஒதுங்காது.

டைம்பீஸ் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை.

இப்போது நான் செய்த காரியத்தையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த நாள், மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மணியை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். என்ன நினைத்து ஏறினேன் என்று கேட்டால், ஒழுங்காக ஒரு பதில் என்னிடம் இல்லை. கொடுத்த பணம் ஒரு காரணம். ஏமாந்துபோனேன் என்ற கோபம் ஒரு காரணம். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்பதும் இருந்தது. சென்னை ராஜ்யத்துக்கே முதல் மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டை ஊருக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஊர் அது. காந்தி கலை மன்றம் என்று இன்றும் இருக்கிறது. அந்த ஊருக்கு நான், கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். கூடையிலிருந்து மணி தலையை நீட்டி, ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தது. பக்கத்து ஸீட்டுக்காரர், "சுத்தமான ஜாதி. என்ன வெள்ளை, பாருங்க!" என்றார்.

தோட்டத்து வீட்டுக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை எடுத்துவந்து தட்டிப் பார்த்தார். முகம் சிறுத்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஆறு குட்டி சேர்ந்து ஓடும்போது, கேட்காததும் கேட்பவற்றின் பின்னால் ஓடிவிடும்; யாருக்குத் தெரியும்?

"அடுத்த ஈத்துல வேற குட்டி தர்றேன் சார். காசு வேணும்னாலும் வாங்கிக்கங்க. கேக்காத நாய் காவலுக்கு ஆகாதே."

"இதை என்ன செய்வீர்கள்?"

அவர் தென்னை மரத்தைப் பார்த்தார். "கிடக்கும். பாத்துக்கலாம்" என்றார்.

அந்த "பாத்துக்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. நிறம் கலந்து பிறந்த குட்டிகளை அந்தக் காலத்தில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண் திறப்பதற்குள் முடித்துவிடுவார்களாம். இவர் அப்படிப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்: "வெள்ளை வெள்ளை என்று வளர்த்தால் இப்படித்தானே வரும்? தெரிந்துதானே செய்கிறீர்கள்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "சார், நீங்க எத்தனை தடவை வந்திருக்கீங்க? ஒரு தடவையாச்சும் நிறம் வேறயா இருந்தா என்னன்னு கேட்டிருக்கீங்களா? பாப்பா தூக்கின குட்டியை நீங்கதானே எறக்கி விடச் சொன்னீங்க?"

நான் இறக்கிவிடச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பேன்.

செவலைக் காது எங்கே என்று கேட்டேன். மாந்தோப்புக் காவல்காரர் ஒருவர் சும்மா வாங்கிக்கொண்டு போனாராம். அதைப் போல் புத்தி உள்ள குட்டி அந்த ஈத்தில் இல்லையாம். ராத்திரி தோப்பின் ஒரு கோடியில் அவர் சீட்டியடித்தால், மறு கோடியிலிருந்து ஓடி வருகிறதாம்.

கூடையைத் தரையில் வைத்திருந்தேன். மணி இறங்கித் தென்னை மரத்தடிக்குப் போய், தான் பிறந்த இடத்தை மோந்து பார்த்தது. அங்கே ஒருவரும் இல்லை. தாய் நாயை எங்கோ கட்டியிருந்தார்கள். அதன் குரைப்பு எனக்குக் கேட்டது. மணி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி, சுற்றும் முற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, என் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

மூன்றே கால் பஸ்ஸில் இருவரும் திரும்பிவிட்டோம். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. பெருந்தன்மையினால் அல்ல, வாங்கினால் எதற்கு வாங்கியது என்று மகளுக்குச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என எண்ணியிருந்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள். கூடையில் ஒட்டியிருந்த தென்னம் பாளைத் துணுக்கைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று. மணிக்குச் சில பாஷைகள் வந்திருக்கின்றன. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரும். கையை மார்பில் தட்டினால் வரும். கொல்லை விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்தால் உள்ளே வந்துவிடும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம், மின்சாரம் அடிக்கடி போகிற வாரமாகப் பார்த்து, நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. கடித்தால் கத்துவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுகிறோம். அதற்கு அது போதுமாக இருக்கிறது. முந்தானைகள் தப்பின. அம்மா கூடத்துக்குள் வரும்போதெல்லாம் காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறாள். இப்போது கோயிலுக்குப் போனாலும் படியில் தட்டிவிட்டுத்தான் நுழைகிறாள் என்று என் மனைவி சொல்கிறாள்.

வாசலில் யாராவது வந்தால் தெரியாதுதான். ஆனால் கதவு திறந்து காற்று உள்ளே வந்தவுடன் எழுந்து குரைக்கிறது. தான் குரைப்பது தனக்குக் கேட்காததனால் நிறுத்தத் தெரிவதில்லை.

நான் எழுதும்போது மேஜைக்கு அடியில் வந்து படுக்கிறது. படுத்து, மோவாயை என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறது. பாசம் என்று முதலில் பெருமைப்பட்டேன். சின்ன மகள்தான் திருத்தினாள்: நான் எழுந்து போனால் நாற்காலி நகரும் சத்தம் அதற்குக் கேட்காதே, அதற்காக வைத்துக்கொள்கிறதாம். ஒன்றரை மணியாகக் கால் மரத்துப்போயிருக்கிறது. சமையலறையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் குரல் வந்துவிட்டது. எழுந்தால் விழித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.